மெல்லத் திறந்த பிள்ளையார்

எங்கள் வலைத்தளம் திறக்கும்போது முதலில் வெள்ளிக் கிரீடம் தெரியும். பிறகு நெற்றி. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் தும்பிக்கையின் வளைவு. தெலுங்கு பேசும் ஊரான லோத்குண்டாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், ராணுவ நிலத்து மரங்களிலிருந்து காலைப் பனி இறங்குவதைப் போல, என் பழைய போனில் பிள்ளையார் மேலிருந்து கீழாக வருவார். சந்நிதியில் திரை விலகக் காத்து நிற்கிற சுகம் அதில் எனக்கு இருந்தது. சில காலைகளில் காபி ஆறிப்போனதுகூடத் தெரியாது.

என் மனைவி செய்யும் பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி விற்கத்தான் அந்தத் தளம். மகள் அமைத்துக் கொடுத்தாள். பிள்ளையார் இல்லாமல் எதைத் தொடங்குவது? சதுர்த்தியன்று கோயிலில் நானே எடுத்த வெள்ளிக்கவசப் படத்தை முதல் பக்கம் நிறைய வைக்கச் சொன்னேன். படம் ரொம்பக் கனம், சுருக்கிவிடட்டுமா என்று மகள் கேட்டாள். சாமியைச் சுருக்குவதாவது, அப்படியே வை என்றுவிட்டேன்.

இணையத்தில் விளம்பரமும் கொடுத்தோம். பார்க்க வந்தவர்கள் நிறைய, வாங்கியவர்கள் இல்லை. விளம்பரப் பணம் மட்டும் கரைந்தது. பொடிப் பொட்டலங்கள் அலமாரியிலேயே உட்கார்ந்திருந்தன. மகள் வேலைக்குப் போன பிறகு மனைவிக்கென்று கிடைத்த ஒரே வேலை இந்தப் பொடிதான். ஒருநாள் வாணலியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "விளம்பரத்துக்குக் குடுக்கவா நான் வறுக்கிறேன்? இந்த மாசத்தோட போதுங்க," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

மகளிடம் கேட்டேன். எதைச் சொன்னாலும் பாதியில் தெலுங்குக்குப் போய்விடுகிறவள், அன்று நிதானமாகத் தமிழிலேயே சொன்னாள்.

"அப்பா, யாராவது விளம்பரத்தைத் தொட்டாலே நம்ம காசு போயிடும். பிள்ளையார் முழுசா வர்றதுக்குள்ள வந்தவங்க ஓடிடறாங்க."

அதோடு முடியவில்லை. பக்கம் மெதுவாகத் திறந்தால், விளம்பரத்தில் அதே இடத்தைப் பிடிக்க நம்மிடம் இன்னும் கூடுதலாகவே கேட்பார்களாம். பிள்ளையாரின் கண் தெரியும் வரைகூட நிற்காமல் யார் போவார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"சுருக்கறது மட்டும் நக்கோ, வேண்டவே வேண்டாம்," என்றேன்.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பூஜைக்கு நான் மஞ்சள்ல பிடிக்கிற பிள்ளையார் எவ்வளவு உசரம்? கட்டைவிரல் அளவு. அதுல அவர் வராமலா இருக்கார்?"

கையலம்பி வந்து, மஞ்சளைக் குழைத்து ஒரு பிள்ளையாரைப் பிடித்தாள். உச்சியில் நான் ஓர் அறுகம்புல் வைத்தேன். மகள் படமெடுத்து, கனமில்லாத சின்னப் படமாக்கி, பொடிகளுக்கு மேலே ஓர் ஓரத்தில் வைத்தாள்.

இப்போது தொட்டவுடன் திறக்கிறது. பிள்ளையார் வருவது தெரியாது, ஏற்கெனவே அங்கே இருக்கிறார். விளம்பரத்துக்குக் கேட்கிற காசும் மெல்ல மெல்ல இறங்கியது. வெள்ளிக்கவசக்காரர் என் போனிலேயே இருக்கிறார். அவரைப் பார்த்தபடி நேற்று காலை எங்கேயோ மிதந்துகொண்டிருந்தேன். துவரம்பருப்பு வறுபடும் வாசனை வந்தது.

"என்னங்க, கறிவேப்பிலை பத்தாது. போய் வாங்கிட்டு வாங்க," என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.