பாட்டு வந்தால் எழுந்து போகிற ஷாஹிதா

ஷாஹிதா இறந்துவிட்டாள்.

காலையில் அவள் தம்பி மெசேஜ் போட்டிருந்தார். "அக்கா மவுத்தாயிட்டாங்க. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." மாரடைப்பாம்... போன் பண்ணினபோது சொன்னார்.

நான் இப்போது ஓசூரில் இருக்கிறேன். மெசேஜைப் படித்துவிட்டு குக்கரை இறக்கினேன், டிபன் கட்டினேன், டியூட்டிக்கும் போனேன்.

மத்தியானம் வரை மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். லீவு கேட்கணும் என்றுகூடத் தோன்றவில்லை. இந்நேரம் அடக்கம் முடிந்திருக்கும்.

அவளைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்வராயன் மலையில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் ஸ்டாஃப் நர்ஸ், நான் பார்மசிஸ்ட். இரண்டு வருஷம் ஒரே குவார்ட்டர்ஸில் இருந்தோம்.

அவள் கள்ளக்குறிச்சி டவுன்காரி, அப்பாவுக்கு ஜவுளிக்கடை. எனக்குத் தியாகதுருகம்.

அப்போது மேலே டவர் கிடையாது, கேபிள் கிடையாது. என்னிடம் ஒரு சின்ன டிவிடி பிளேயரும் ஒரு அட்டைப்பெட்டி நிறைய டிவிடியும் இருந்தன. எல்லாமே பாட்டுப் படங்கள்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களும் இருக்கும், வெளிநாட்டுப் படங்களும் இருக்கும். பாட்டிலேயே சண்டை போட்டு, பாட்டிலேயே சமாதானம் ஆவார்கள். எனக்கு அதெல்லாம் உயிர்.

அவளுக்கு ஆகவே ஆகாது. படம் என்றால் கோர்ட் இருக்கணும், இல்லையென்றால் கொலை இருக்கணும்.

"ரெண்டு வார்த்தை பேசினா முடியற விஷயத்த இன்னாத்துக்குடி பாடிகினு கெடக்கறாங்க?"

எப்படியாவது இவளை மாற்றிவிடுவது என்று நான் ஒரு பிடிவாதத்தில் இருந்தேன். முதலில் ஒரு வெளிநாட்டுப் படம் போட்டேன். ஒரு ரொட்டிக்கடைக்காரர் மாவு பிசைந்துகொண்டே தன் மனைவியை நினைத்துப் பாடுவார்... எனக்குக் கண் கலங்கும் இடம்.

இவள் ரொம்ப சீரியஸாக, மாவில் எச்சில் தெறிக்காதா என்று கேட்டாள். கையில் கிளவுஸும் இல்லை என்றாள்.

இன்னொரு படத்தில் கதாநாயகன் குண்டடி பட்டு விழுந்து, ஒரு முழுப் பாட்டு பாடிவிட்டுச் சாவான். "இவ்ளோ மூச்சு இருக்கறவன் பொழச்சிடுவான்டி. தூக்கிகினு போயிருக்கலாம்."

ஒருநாள் நான் ஸ்டாக் எடுக்கப் போயிருந்தபோது அவளாகவே ஒரு படம் பார்த்திருக்கிறாள். எனக்கு ஒரே சந்தோஷம். எப்படி இருந்தது என்று கேட்டால், நல்ல படம்தான், முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது என்கிறாள்.

அது மூன்று மணி நேரப் படம். ஒவ்வொரு பாட்டையும் ரிமோட்டால் ஓட்டிவிட்டிருக்கிறாள்.

அந்த வருஷம் நான் உண்டானேன். என் வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை, மாதம் ஒருமுறை வருவார்.

ஐந்தாம் மாதம் திடீரென்று ரத்தப்போக்கு. ஜீப்பில் ஏற்றி, மலைப்பாதை முழுக்க என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி வரைக்கும் வந்தவள் அவள்தான்.

குழந்தை தங்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து மறுபடி மேலே வந்தேன். யாரிடமும் பேசவில்லை, அழவும் இல்லை. டியூட்டி பார்த்தேன், வந்து படுத்தேன். எல்லோரும் நான் தேறிவிட்டதாகச் சொன்னார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஷாஹிதாவே அட்டைப்பெட்டியைத் திறந்தாள்.

அந்த ரொட்டிக்கடைக்காரர் படத்தைப் போட்டாள். ரிமோட்டை எடுத்து ஜன்னல் மேல் வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஒரு பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது பாட்டோ நாலாவது பாட்டோ... நான் உடைந்துவிட்டேன். சத்தம் போட்டு அழுதேன். வாசலில் போனவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுவு. இன்னும் நெறைய பாட்டு இருக்குது."

படம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டாள். விளக்கேற்றும் நேரம் வரைக்கும் ஓடியது.

மறுநாள் காலை டீ போட்டுக் கொடுத்துவிட்டு, இப்பவும் தனக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை என்றாள்.

பிறகு அவளுக்குக் கல்யாணம், எனக்கு டிரான்ஸ்பர். எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், இரண்டு பேரையும் வந்து பார்த்தாள்.

அப்புறம் போன்தான். அதுவும் எப்போது தெரியுமா... தன் பொண்ணைக் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போவாள். பாட்டு வந்ததும் எழுந்து வெளியே வந்து எனக்கு போன் போடுவாள்.

"பாட்டு ஓடுது. அஞ்சு நிமிஷம் ஆவும். பசங்க எப்படி இருக்கறாங்க?" பாட்டு முடிந்தால் பாதி வார்த்தையில் வைத்துவிடுவாள்.

இப்படியே பதினோரு வருஷம் பேசியிருக்கிறோம். ஒரு படத்துக்கு நாலு பாட்டு என்றால் நாலு போன்.

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசியாகப் பேசினாள். கொஞ்ச நாளாகப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டேன்.

"அத்த வுடு. உன்கிட்ட வேற ஒண்ணு சொல்லணும் சுமதி... ஐயோ, முடிஞ்சிடுச்சி. அடுத்த பாட்டுல சொல்றேன்."

அடுத்த போன் வரவில்லை. படத்தில் வேறு பாட்டு இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நானும் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று தெரியவில்லை. அவள் நர்ஸ், அவளுக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன்.

நாளைக்குக் கிளம்பி வருகிறேன்டி. உன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கணும். உன் பொண்ணிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

போடி ஷாஹிதா.