குழாய் ஸ்பீக்கரில் என் ஆர்கெஸ்ட்ரா

நயினார்கோவில் பக்கம் ஒரு கோயில் விழாவுக்குப் பாட்டு செய்து கொடுத்திருந்தேன்.

ஆர்கெஸ்ட்ரா வாத்தியங்களின் ஒலிகள் முழுவதையும் ஏற்றினால் என் கம்ப்யூட்டர் மெமரி பத்தாமல் நின்றுவிடும். அதனால் டெம்ப்ளேட் என்ற வாத்தியப் பட்டியலிலிருந்து புல்லாங்குழல், டிரம்பெட் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, எனக்கு உயிரான, அடித்தொனியில் ஒலிக்கும் செல்லோவையும் டபுள் பேஸையும் மட்டும் காப்பாற்றினேன்.

இன்று வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் போட்டார்கள். நாளெல்லாம் கம்ப்யூட்டரில் என்னதான் செய்கிறேன் என்று பார்க்க என் அய்யாவும் வந்திருந்தார்.

குரல் மட்டும் ஊரெல்லாம் கேட்டது. அடியில் ஓடும் கனத்த ஒலி எதுவும் அந்தக் குழாயில் வரவேயில்லை.

முடிந்ததும் அய்யா கேட்டார்: "பாடுன பிள்ளைக்கு நல்ல குரலு. நீ போட்ட மியூசிக்க எப்பலே போடுவாக?"

புல்லாங்குழலை விட்டுவைத்திருந்தால் கண்மாய்க்கரை வரை கேட்டிருக்கும்.

அடுத்த பாட்டுக்கு எதைத் தூக்கலாம், சொல்லுங்கள். கம்ப்யூட்டரைத் தூக்கச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறது.