சிறுகுறிஞ்சாப் போத்தல்

உதயகலா என்ற பெயரை நான் முதலில் கேட்டது பங்கர்க் குழிக்குள் இருந்து. மேலே ஷெல் கூவிக்கொண்டு போகுது. என்ரை பெரியப்பாவின் மகன் தம்பிராசா அண்ணை பங்கர் வாசலில் நின்று, "பெட்டை பிறந்திட்டாள்! உதயகலா எண்டு வைக்கப்போறன்!" என்று கத்துகிறார்.

"பேரை உள்ளுக்கை வந்து வையுங்கோ அண்ணை" என்று காலைப் பிடித்து இழுத்தேன். அவர் எதற்கும் பயப்படாத மனிசன்.

மகள் எல்லாத்துக்கும் பயந்தாள். தாய் செத்தபிறகு தகப்பனைப் பார்த்துக்கொண்டு உரும்பிராயிலேயே இருந்துவிட்டாள். வேலை ஒரு மூலிகை ஆய்வுகூடத்தில். முந்தி இலையின் சத்தை எடுக்க, ஸ்பிரிட் மாதிரி நெருப்புப் பிடிக்கிற சாமான்கள்தான் ஊற்றுவார்களாம். பயந்து பயந்துதான் போய்வந்தாள். பிறகு சீனியும் எலுமிச்சம்புளிப்பும் சேர்த்துக் காய்ச்சின பாகு வந்தது. அந்தப் பாகே சத்தை இழுத்தெடுக்குமாம். "இனிப் பயமில்லை மாமி" என்றாள்.

போன பங்குனியில் ஆய்வுகூடத்துப் பிரிட்ஜ் பழுதாக, அந்தப் பாகில் சிறுகுறிஞ்சா வடித்த போத்தல்களை வீட்டில் கொண்டுவந்து வைத்தாள். சலரோகம் என்கிற சீனி வருத்தத்துக்கு நாங்கள் வறை வறுத்துத் தின்கிற இலைதான். "நஞ்சொண்டும் இல்லை அப்பா, ஆனா தொடாதேங்கோ" என்றாள். சலரோகக்கார மனிசனுக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது.

கொஞ்ச நாளில் அண்ணை குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தார். கேட்டால், வெயில் என்றார். ஒரு மத்தியானம் நான் போக, கதிரையில் சரிந்து கிடக்கிறார். உதடு காய்ந்து, பேச்சுக் குழறுது. காலடியில் ஒரு கப். அதைச் சுற்றி எறும்பு மொய்த்துக் கிடக்குது. அந்நேரம் சாப்பிட வந்த உதயகலா கப்பை எடுத்து மணந்து பார்த்தாள்.

"அப்பா, போத்தலிலை இருந்து குடிச்சனீங்களோ?"

"ஓம். சலரோகக் குளிசையை விட்டிட்டன். இது மருந்துதானே."

"ஐயோ, அது அரைவாசி சீனியப்பா! இனிச்சிருக்குமே!"

"இனிக்கேல்லையே பிள்ளை. கைச்சது, புளிச்சது."

குறிஞ்சா பட்ட நாக்குக்கு இனிப்புத் தெரியாது. சின்னனில் நாங்கள் அதை மென்றுவிட்டுச் சீனியை அள்ளிப்போட்டு, மண் மண் என்று துப்பி விளையாடினதுதானே.

ஆட்டோவில் அவரின் தலை என் மடியில். கண் செருகுது. "கதையுங்கோ அப்பா, என்னோடை கதையுங்கோ" என்று அவள் கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்தாள். ஷெல்லடிக்குள்ளும் நான் அப்படிப் பயந்ததில்லை.

ஆசுபத்திரியில் சேலைன் ஏற்றி, ஊசி போட்டு, அடுத்தநாள்தான் கண் முழித்தார். முழித்ததும் கேட்டது, "போத்தலுக்கு வேலையிலை உனக்கு ஏச்சு விழுந்ததோ பிள்ளை?"

அவள் இன்னும் பயந்துகொண்டுதான் இருக்கிறாள். பின்னேரம் வேலையால் வந்ததும் கதிரையடியில் எறும்பு இருக்கோ என்றுதான் முதலில் பார்ப்பாள். உதயகலா இப்பவும் அதே ஆய்வுகூடத்துக்குத்தான் போய்வருகிறாள். உரும்பிராயில் தகப்பனோடு இருக்கிறாள்.