அடித்த பெயர்

தெருவில் அவளுக்குப் பட்டியல் அக்கா என்று பெயர். பிழைப்பு தையல்தான். ஆனால் தெருக்கோடி ஐஸ் கம்பெனியில் அமோனியா கசிந்தால், நடக்க முடியாத யார் யாரைத் தூக்கிப் போக வேண்டும் என்பது அவளுக்கு விரல் நுனியில். பாதுகாப்புக் குழு போட்ட அன்று மற்றவர்கள் டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள். இவள்தான் வீடு வீடாக ஏறி இறங்கினாள். பட்டியலில் இல்லாத வீட்டைத் தட்டி நேரத்தை வீணாக்கக் கூடாது என்ற விதியும் அவள் போட்டதே.

முதலில் எழுதியது பன்னிரண்டு பேர். பன்னிரண்டாவது அவள் மாமனார். முழங்கால் விட்டுப்போய் இரண்டு வருடம்; வீம்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை. நான் என்ன மூட்டையா, தூக்கிக்கொண்டு போக என்று மூன்று நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினார். தொல்லை விட்டது என்று அவளும் பெயரை அடித்துவிட்டாள். ஆபத்து வந்தால் வீட்டில் நான் இருப்பேனே என்ற நினைப்பு.

ஆபத்து வந்தபோது அவள் இல்லை. காலை பதினொரு மணி. கணவன் வேலைக்கும் இவள் நூல்கண்டு வாங்கவும் போயிருந்தார்கள். அபாயச் சங்கு கேட்டு ஓடிவந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி. தெருமுனையில் கயிறு கட்டியாகிவிட்டது. முகமூடி போட்ட தீயணைப்பு வீரர்கள் அவள் கொடுத்த பட்டியலைப் பார்த்து ஆட்களைத் தூக்கி வந்தார்கள். மாமனாரை மருமகள் அழைத்துப் போயிருப்பாள் என்று அக்கம்பக்கம் நினைத்துவிட்டது. பதினோராவது ஆள் வந்ததும் அதிகாரி தாளை மடித்தார்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் ஓடினாள்.

"இன்னும் ஒருத்தர் உள்ள இருக்காரு சார்."

"பட்டியல்ல இல்லையேம்மா."

"நான்தான் அடிச்சேன். என் மாமனார். பச்சைக் கதவு, நாலாவது வீடு."

கயிற்றோரம் நின்ற தெரு முழுக்கக் கேட்டது. அவமானமெல்லாம் அப்போது எங்கே உறைத்தது? இரண்டு வீரர்கள் திரும்ப உள்ளே ஓடினார்கள். பத்து நிமிடம் அவள் கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள்.

கண் சிவந்து, இருமிக்கொண்டு, வீரர்களின் தோளில் உயிரோடு வந்தார் மாமனார். தரையோடு தவழ்ந்து, கதவு ஜன்னல் இடுக்கிலெல்லாம் ஈரத்துணி செருகியிருந்தாராம். துணி வேறெதுவும் இல்லை, அவள் தைத்து அடுக்கியிருந்த வாடிக்கைக்காரர்களின் சட்டைகள். வெளியேற முடியாதவர்கள் செய்ய வேண்டியது என்று குழுவின் கையேட்டிலிருந்து அவள் சாயங்காலங்களில் சத்தமாக வாசித்துப் பழகியதை, டிவி பார்ப்பதுபோல் இருந்துகொண்டு ஒரு வரி விடாமல் கேட்டிருக்கிறார் மனிதர்.

அவள் அழுதுவிட்டாள். ஆம்புலன்ஸ்காரர்கள் மாட்டிவிட்ட ஆக்சிஜன் குழாயை அவர் விலக்கினார்.

"அந்தத் தாளை எடும்மா. பன்னெண்டாவதா என் பேரை எழுது. நான் பாக்க எழுது."