வலமிருந்து மூன்றாவது ஆள்

என் அப்பாவின் மீசை ஒரு போட்டோவைப் பார்த்து வைக்கப்பட்டது. சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், காலண்டருக்கும் மின்பெட்டிக்கும் நடுவில் அந்தப் போட்டோ மாட்டியிருந்தது. கறுப்புக் கோட்டு, டை, வாயின் இரண்டு ஓரங்களிலும் கீழே இறங்கி நிற்கும் அடர்ந்த மீசை, எதிரே நிற்பவரைக் கடன்காரனைப் போலப் பார்க்கும் பார்வை. என் அப்பாவின் அப்பா அவர். அப்பாவுக்கு இரண்டு வயது நிறைவதற்குள் விஷ ஜுரத்தில் போய்விட்டார். ஆகவே அப்பாவுக்குத் தெரிந்த அப்பா அந்தக் கண்ணாடிச் சட்டம் மட்டும்தான்.

அப்பா நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்தார். வேலைக்குப் போன காலம் வரை, தினமும் செருப்பு போடுவதற்கு முன்னால் அந்தப் போட்டோவுக்கு முன் அரை நிமிடம் நிற்பார். ஓய்வு பெற்ற பிறகு போவதற்கு இடம் இல்லை; ஆனாலும் நிற்பார். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் போட்டோவைப் பார்ப்பார்கள், அப்பாவைப் பார்ப்பார்கள், அப்படியே உரித்து வைத்திருக்கிறது என்பார்கள். அப்பா மீசையைத் தடவிக்கொள்வார். அவர் சந்தோஷமாக இருக்கிறார் என்பதற்கு எங்கள் வீட்டில் இருந்த ஒரே அடையாளம் அதுதான்.

அந்தப் படம் வந்த கதை இது. அப்பாவின் பன்னிரண்டாவது வயதில் அவருடைய அம்மாவும் இறந்துவிட, வடக்கே ரயில்வேயில் இருந்த தாய்மாமா வேலையை விட்டுவிட்டுச் சிதம்பரத்துக்கு வந்து அவரை வளர்த்தார். அப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, முதல் பத்திரிகையை வைத்துக் கும்பிட ஒரு படம் கூட இல்லையே என்று பெண் வீட்டில் கேட்டிருக்கிறார்கள். தனிப்படம் எடுத்துக்கொள்ளாமல் இறந்தவர்களுக்கு அந்தக் கால ஸ்டுடியோக்களில் ஒரு வழி இருந்தது. குரூப் போட்டோவைக் கொடுத்தால் அதில் ஒருவரை மட்டும் பெரிதாக்கி, பின்னணியை அழித்து, சட்டை இல்லாதவருக்குச் சட்டையும் கோட்டு கேட்பவருக்குக் கோட்டும் தூரிகையால் போட்டுத் தருவார்கள். மாமாவிடம் அப்படி ஒரு குரூப் போட்டோ இருந்தது. கீழ வீதியில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தார். படம் வந்ததும் மாமா அதைத் தூர வைத்துப் பார்த்துவிட்டு, “கெட்டிக்காரன்யா, ஆட்டத்தக்கூட சரிபண்ணிட்டான்” என்றாராம். எந்த ஆட்டம் என்று அப்பாவுக்குப் புரியவில்லை. மாமாவிடம் எதையும் திருப்பிக் கேட்கிற வழக்கமும் இல்லை.

அதிலிருந்து ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும், தை அமாவாசைக்கும், திதிக்கும் அந்தப் படத்துக்கு முன்னால் அம்மா தலைவாழை இலை போட்டுப் படைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் சைவம். வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, உளுந்து வடை, பருப்புப் பாயசம். காக்கை எடுக்கத் தாமதமானால், மாமனாருக்கு வடையில் உப்புப் போதவில்லை போலிருக்கிறது என்று அம்மா கவலைப்படுவாள்.

2011இல் போகிக்கு வீடு ஒழித்தபோது, எப்போதோ இறந்துபோன மாமாவின் டிரங்குப் பெட்டியை நான் திறந்தேன். அடியில், தடித்த அட்டையில் ஒட்டிய அந்தக் குரூப் போட்டோ இருந்தது. கடலூர் முதுநகர் துறைமுகத்தில், தாத்தா எடை குமாஸ்தாவாக இருந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஏற்றுமதிக் கம்பெனியின் வாசல். நாற்காலியில் நான்கு பேர். பின்னால் ஒன்பது பேர் நிற்கிறார்கள். இடமிருந்து மூன்றாவதாக, எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் அதே முகம், அதே மீசை. ஆனால் கோட்டு இல்லை. வெற்று மார்பில் ஒரு துண்டு.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணினி ஆசிரியை. இப்படி ஒன்று கையில் கிடைத்தால் சும்மா இருக்க முடியாது. ஸ்கேன் செய்து, பழைய கடலூர்ப் படங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஓர் இணையக் குழுவில் குரூப் போட்டோவையும் சுவர்ப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். குமாஸ்தாவாக இருந்தும் சட்டை போடாமல் தொழிலாளிகளோடு நின்ற எளிய மனிதர் என் தாத்தா என்று நான்கு பத்தி எழுதினேன். நிறையப் பேர் பாராட்டினார்கள். இந்தக் காலத்தில் இப்படிப்பட்டவர்கள் எங்கே என்று ஒருவர் வருத்தப்பட்டிருந்தார்.

மூன்றாம் நாள் ஒரு பெண் எழுதியிருந்தார். ‘வெறும் மார்புல துண்டு போட்டிருக்கிறவர் எங்க தாத்தா. எங்கம்மா பார்த்துட்டு அழுதுகிட்டிருக்காங்க. தயவுசெஞ்சு போன் பண்ணுங்க.’

எனக்குக் கோபம்தான் வந்தது. ஊரில் தாத்தாக்களுக்கு என்ன பஞ்சமா, அடுத்தவர் தாத்தாவுக்கு உரிமை கொண்டாட? நன்றாக நாலு வார்த்தை கேட்பதற்காகவே போன் செய்தேன். கடலூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற பெண். வீடு தேவனாம்பட்டினத்தில். அவருடைய தாத்தா, கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோகும் படகில் தண்டல், படகோட்டிகளுக்குத் தலைவர். நான் கேட்க வைத்திருந்ததை எல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, தாத்தாவுக்குப் பாய்க்கயிறு அறுந்து அடித்ததில் இடது புருவம் இரண்டாகப் பிளந்திருக்கும் என்று அம்மா சொல்கிறார், பெரிதாக்கிப் பாருங்கள் என்றார். சுனாமியில் வீட்டோடு படமெல்லாம் போய்விட்டது, தாத்தா முகத்தை நானே இப்போதுதான் பார்க்கிறேன் என்றும் சொன்னார்.

பெரிதாக்கிப் பார்த்தேன். சுவர்ப் படத்தில் புருவம் ஒழுங்காக இருந்தது, ஸ்டுடியோக்காரர் பூசிவிட்டிருக்கிறார். குரூப் போட்டோவில் அது இரண்டாகப் பிளந்திருந்தது.

பன்னிரண்டு நாள் நான் அப்பாவிடம் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அறுபத்து மூன்று வயது மனிதரிடம் போய், நீங்கள் தினமும் கும்பிடுகிறவர் உங்கள் அப்பா இல்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? சொல்லாவிட்டால் தேவனாம்பட்டினத்தில் ஒரு அம்மாள் அவளுடைய அப்பாவின் முகத்துக்காக என் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறாள். பதின்மூன்றாம் நாள் காலை, அப்பா போட்டோவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அப்பா கத்தவில்லை. குரூப் போட்டோவைக் கொண்டுவரச் சொன்னார். முன்பக்கம் பார்த்தார். திருப்பினார். அட்டையின் பின்பக்கம் நீலப் பென்சிலில் ஒரு பெருக்கல் குறி. அதன் கீழே மாமாவின் கையெழுத்தில், ‘இந்த ஆளை மட்டும் கோட்டுடன் பெரிதாக்கவும்’. முகத்தில் கோடு விழக்கூடாது என்று மாமா ஆளுக்கு நேர் பின்னால் அட்டையில் குறி போட்டிருக்கிறார்.

அப்பா உள்ளே போய் ஸ்கேல் எடுத்துவந்தார். பின்பக்கம் ஓரத்திலிருந்து குறி வரைக்கும் அளந்தார். அட்டையைத் திருப்பி, அதே ஓரத்திலிருந்து முன்பக்கம் அளந்தார். இரண்டாவது தடவையும் அளந்தார். ஸ்கேல் போய் நின்றது வலமிருந்து மூன்றாவது ஆளிடம். ஸ்டுடியோக்காரர் பின்பக்கம் இடமிருந்து மூன்றாவதாகக் குறியைப் பார்த்துவிட்டு, படத்தைத் திருப்பி, முன்பக்கமும் இடமிருந்து மூன்றை எண்ணியிருக்கிறார். அந்த ஆள் கோட்டு போடவில்லை. அட்டையில் கோட்டுடன் என்று இருக்கிறது. எனவே போட்டுவிட்டார்.

வலமிருந்து மூன்றாவது ஆள் நிஜமாகவே கோட்டு போட்டிருந்தார். கோட்டின் பொத்தான்கள் தெளிவாக இருந்தன. ஒரு காது தெளிவாக இருந்தது. முகம் இல்லை. படம் எடுக்கிற நொடியில் தலையைத் திருப்பியிருக்கிறார். முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு கலங்கல். வடக்கே இருந்த மாமா தாத்தாவை ஒன்றிரண்டு தடவைதான் பார்த்திருந்தார்; ஸ்டுடியோ தந்த முகத்தை அவருடையது என்றே நம்பிவிட்டார். மாமா சொன்ன ஆட்டம் எது என்று முப்பத்தாறு வருஷம் கழித்து அப்பாவுக்குப் புரிந்தது.

“தப்பான சர்வே,” என்றார். பிறகு ஸ்கேலைக் கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்தார்.

அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. “யாரு எவருன்னு தெரியாம இத்தினி வருஷமா ஒரு ஆளுக்கு வடை சுட்டிருக்கேன்” என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா மீசையை எடுத்துவிடலாமா என்று கேட்டபோது மட்டும், அது உங்கள் மூஞ்சியில் முளைத்ததுதானே, இருக்கட்டும் என்றாள்.

படத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று அப்பா முடிவு செய்தார். நகல் எடுத்துக் கொடுத்தால் போதாதா என்று கேட்டேன். அவங்க அப்பாவை நாம் எதற்கு வைத்துக்கொள்வது என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டத்தைப் போர்வையில் சுற்றிக்கொண்டு மூன்று பேரும் கடலூர் பஸ் ஏறினோம். கண்டக்டர் அது டிவியா என்று கேட்டார். “போட்டோ. ஒருத்தரோட அப்பா” என்றார் அப்பா. கண்டக்டர் மூன்று டிக்கெட் மட்டும் கிழித்தார். செம்மங்குப்பத்து ரசாயனத் தொழிற்சாலைகளைத் தாண்டும்போது பஸ்ஸே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டது. அப்பா இரண்டு கைகளாலும் சட்டத்தைப் பிடித்திருந்ததால் பொத்தவில்லை.

தேவனாம்பட்டினத்தில், சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று. அந்த அம்மாளுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து படத்தை மடியில் வாங்கிக்கொண்டார். “வந்துட்டியாப்பா” என்றார். கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். என் அம்மா அழுதாள். நானும்தான்.

பிறகு அவர் நிமிர்ந்து, “இது இன்னா கோட்டு? அவருக்கு வேர்க்குமே” என்றார்.

விஷயத்தைச் சொன்னோம். எல்லாவற்றையும் கேட்டவர், அமாவாசைக்கு என்ன படைத்தீர்கள் என்று அம்மாவிடம் விசாரித்தார். அம்மா வாழைக்காயிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். மீன் இல்லையா என்று அவர் கேட்டார். நாங்கள் சைவம் என்று அம்மா சொன்னதும், படத்தை ஒரு தடவை பார்த்து, “பாவம்” என்றார்.

நான் குரூப் போட்டோவை எடுத்துக் காட்டினேன். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, வலமிருந்து மூன்றாவது ஆள் மேல் விரல் வைத்தார். தன் அப்பாவைப் பற்றி அப்பா யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. “இவர நீங்க பாத்திருக்கீங்களாக்கா?”

“கோட்டு ஐயா,” என்றார் அவர். “பாக்காம என்னா? நானு அன்னிக்கி அங்கதான இருந்தேன். அப்பாவுக்கு சோறு எடுத்தாந்தேன். அந்த ஐயா வூட்டம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு கைக்கொழந்தய தூக்கினு வந்திருந்தாரு. போட்டா எடுக்கிற வரைக்கும் பாத்துக்கன்னு என்கிட்ட குடுத்தாரு.”

அப்பாவின் விரல் போட்டோவிலேயே இருந்தது.

“அசையாதீங்கன்னு போட்டாக்காரன் கத்துறான். எல்லாரும் கல்லு மாதிரி நிக்கிறாங்க. கொழந்த வீல்னு கத்துச்சு. அந்த ஐயா மட்டும் டக்குனு திரும்பிட்டாரு. அவர மேனேஜர் திட்டுனாரு. அவரு காதுல வாங்கல. நேரா வந்து கொழந்தய வாங்கினாரு.” படத்தின் கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். “நான்தான் கிள்ளிட்டேன். கனமா இருந்துச்சு. கை வலிச்சுது. அழுதா வாங்கிக்குவாருன்னு கிள்ளிட்டேன். இதுவரைக்கும் யாராண்டயும் சொன்னதில்ல.”

அப்பாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. கைக்குழந்தை என்றால் ஒரே ஆள்தான்.

“எங்க கிள்ளுனீங்க?” என்று அப்பா கேட்டார்.

“தொடயில. இடது தொட.”

அப்பா தலையாட்டினார். எல்லைக்கல் எங்கே நட்டது என்று ஊர்க்காரர் சொன்னால் குறித்துக்கொள்வாரே, அந்தத் தலையாட்டல். பிறகு இடது தொடையின் மேல் கையை வைத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆடி அமாவாசைக்கு முந்தின வாரம் நானும் அப்பாவும் ஸ்டுடியோவுக்குப் போனோம். அந்தப் பழைய ஸ்டுடியோ இல்லை. எல்லாம் கம்ப்யூட்டராகிவிட்ட வேறொன்று. அங்கிருந்தவர் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இதில் முகமே இல்லையே சார், வேறு நல்ல முகம் இருந்தால் பொருத்திவிடலாம் என்றார். “ஒருதடவ பொருத்திப் பாத்துட்டோம். இத அப்படியே பெருசா போடுங்க” என்றார் அப்பா.

படம் வந்தது. ஒரு காது, கோட்டு, பொத்தான்கள், நடுவில் கலங்கல். பழைய ஆணியில் மாட்டப் போனேன். அப்பா வேண்டாம் என்றார். ஸ்கேல் போதாது என்று பழைய அளவு நாடாவை எடுத்துவந்தார். சுவரிலிருந்து தன் சாய்வு நாற்காலி வரைக்கும் அளந்தார், படத்தில் தலை திரும்பியிருக்கும் பக்கத்தைப் பார்த்தார், மறுபடியும் அளந்து, எதிர்ச் சுவரில் பென்சிலால் ஒரு குறி போட்டு என்னை ஆணி அடிக்கச் சொன்னார். அடித்து மாட்டினேன். அம்மா காதுக்குக் கொஞ்சம் மேலே, நெற்றி இருக்கலாம் என்று தோன்றிய இடத்தில் பொட்டு வைத்தாள்.

அப்பா போய் நாற்காலியில் உட்கார்ந்தார். படத்திலிருந்தவர் அவர் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.