கடைசிப் பக்கத்தில் பன்னிரண்டு வரி

புத்தகத்தில் கிறுக்குகிறவர்களை எனக்கு அடியோடு பிடிக்காது. ஓரத்தில் பென்சிலால் 'அருமை' என்று எழுதி வைக்கிறவர்களையாவது போனால் போகிறது என்று விட்டுவிடலாம். அடுத்தவர் படிக்கக் கூடாது என்று அச்சான வரியை மையால் அடிக்கிறவர்களை என்ன செய்வது? வாயில் வருவதை எழுதினால் யாரும் அச்சில் போட மாட்டார்கள்.

அறுபதுகளின் கடைசி. கல்யாணமாகிக் காரைக்குடிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் பத்திரம் எழுதுகிறவர். காலையில் குளித்து விபூதி பூசிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருந்த கொட்டகைக்குப் போனால், வீடு திரும்பச் சாயங்காலமாகிவிடும். வரும் வழியில் நூலகம். நான் பள்ளி இறுதி வரை படித்தவள். பக்கோடா மடித்துவந்த காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் கீழே போடுவேன். அவர் பேரில் நூலக அட்டை இருக்கிறது என்று தெரிந்ததுமே சொல்லிவிட்டேன்.

"பெரிய புத்தகமாப் பாத்து எடுத்துட்டு வாங்க. சின்னதெல்லாம் ரெண்டு நாள்ல தீந்துபோகுது."

கொண்டுவந்தார். அதில் குறை சொல்ல மாட்டேன். எனக்கு வாழ்க்கை வரலாறு என்றால் உயிர். பிறந்தார், வளர்ந்தார், பட்டம் சூடினார் என்று பாடம் ஒப்பிக்கிற வகை இல்லை. நாடு பிடித்த ராஜா சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் என்ன செய்தார் என்று சொல்கிற வகை. அதற்கடுத்தபடி தலைகாணி பருமன் நாவல்கள். முதல் ஐம்பது பக்கத்துக்கு யாருக்கு யார் என்ன உறவு என்றே பிடிபடாது. பிடிவாதமாக உட்கார்ந்து தாண்டிவிட்டால், அப்புறம் அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாது.

எந்தப் புத்தகம் வந்தாலும் இரண்டு மூன்று நாள் அவர் கையில் இருக்கும். "நான் பாத்துட்டுத் தாரேன்" என்பார். எனக்கு அதில் பெருமை வேறு. எங்க வீட்டுல அவுகளும் படிப்பாக என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கறுப்புக் கோடுகளை முதலில் ஒரு படைத்தலைவரின் வரலாற்றில்தான் பார்த்தேன். ஸ்கேல் வைத்து இழுத்த நேர்கோடு, அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று, எழுத்து சாகும்வரை. எவனோ வேலை இல்லாதவன் என்று நினைத்தேன். அடுத்த புத்தகத்திலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். போகப் போக அந்தக் கோட்டின் குணம் பிடிபட்டது. பொம்பளை வருகிற இடத்தில்தான் அது வரும். ஒரு தலைவரின் மனைவி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனாள் என்று இருக்கும். ஏன் போனாள் என்பது இருக்காது. திரும்பி வந்தாள் என்பது மட்டும் பளிச்சென்று இருக்கும்.

நூலகத்துக்காரர் வேலைதான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஊர்ப் பெண்களைக் காக்கிறதாக நினைப்பு போல. வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன்.

"அந்த மனுசரை நீங்க ஒரு வார்த்தை கேக்க மாட்டீகளா?"

"கவர்மெண்டு ஆளு. நமக்கெதுக்கு வம்பு?" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அப்புறம்தான் அந்த நாவல் வந்தது. நம் பக்கத்துக் கதை. வியாபாரத்துக்காகக் கப்பலேறிக் கொண்டுவிக்கப் போன புருஷன் அக்கரையில் இன்னொரு குடும்பத்தோடு இருக்கிறான். இங்கே இவள் இருபது வருஷம் வீட்டைக் கட்டிக் காக்கிறாள். எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அந்த இருபது வருஷத்தையும் எழுதினவர் அங்குலம் அங்குலமாக எழுதியிருந்தார். ஒன்பது நாள் படித்தேன். கடைசி அத்தியாயத்தில் அவன் தலை நரைத்து, ஒரு பெட்டியோடு வாசலில் வந்து நிற்கிறான். தண்ணீர் கேட்கிறான். அவள் செம்பை எடுத்தாள்.

அதற்குக் கீழே பன்னிரண்டு வரி. பன்னிரண்டும் கறுப்பு. அத்தோடு புத்தகம் முடிந்துவிட்டது.

செம்பை எடுத்தவள் தண்ணீர் கொடுத்தாளா, அவன் மூஞ்சியில் ஊற்றினாளா, செம்போடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளா? வெயிலில் பிடித்துப் பார்த்தேன். தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். பேனா முள் சில இடத்தில் தாளையே கிழித்திருந்தது. ஐந்தாம் வரியில் 'அவள்' என்று ஒரு சொல் தெரிந்தது. வேறொன்றும் தேறவில்லை. 

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த நாவலையும், கூடவே எடுத்திருந்த ஒரு மன்னரின் வரலாற்றையும் தூக்கிக்கொண்டு நானே நூலகத்துக்குப் போனேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆம்பளைகள் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நேரே மேஜைக்குப் போய் இரண்டு புத்தகத்தையும் பொத்தென்று போட்டேன்.

"உக்காருங்கம்மா" என்றார் நூலகர்.

"உக்கார வரலை. இதை அடிக்க உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

அவர் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். மாற்றலாகி வந்தவர். மன்னரின் வரலாற்றைப் பிரித்தார். கோடு கொஞ்சம் மெலிந்திருந்த ஒரு பக்கத்தை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துச் சத்தமாகவே படித்தார்.

"மன்னருக்கும் அவ்வரசிக்கும் நெடுநாள் கடிதத் தொடுப்பு இருந்தது." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "தொடுப்புன்னா தொடர்புதானேம்மா? கடிதம் எழுதிக்கிட்டாங்க. இதைப் போய் ஏன் அடிக்கணும்?"

பின்னால் ஒருவர் களுக்கென்று சிரித்து அதை இருமலாக மாற்றினார். எங்கள் பக்கத்தில் தொடுப்பு என்றால் ஒரே அர்த்தம்தான். அவனுக்கும் அவளுக்கும் தொடுப்பு என்று குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். பெரியவர்கள் முன்னால் சொல்லவே மாட்டார்கள். இந்த மனிதருக்கு அது தெரியவில்லை. எழுதின பண்டிதருக்கும் தெரிந்திருக்காது. அப்படியானால் அந்த வரியை அடித்தவர் நம் ஊர்ப்பக்கத்து ஆள். 

தேதி முத்திரை குத்துகிற சீட்டை அவர் என் பக்கம் திருப்பி வைத்தார். இரண்டு புத்தகத்திலும் ஒரே ஒரு முத்திரை.

"ரெண்டுமே போன மாசம்தான் உள்ள வந்துதுங்க. முதல்ல எடுத்ததே உங்க வீட்டுக்காரர்தான்" என்றார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "இந்த நாவல் ஒரு வீட்டுல இருந்து மொத்தமா வண்டியில ஏத்திக் கொடுத்தது. அங்க யாரும் பிரிச்சே பாக்கலை போல, தாளுங்க ஓரம் வெட்டாம ஒட்டிக்கிட்டு இருந்துது, நான்தான் வெட்டினேன். வேற பிரதி கிடைக்குமான்னு எழுதிப் பாக்கிறேன்."

அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு நாவலை எடுத்துக்கொண்டு வந்தேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

சாயங்காலம் காப்பிக்கு முன்னால் அந்த நாவலை வீட்டுக்காரர் எதிரே வைத்தேன். அவர் முகம் மாறவே இல்லை.

"உன் நல்லதுக்குத்தான். கண்டதும் உன் கண்ணுல பட வேணாம்னுதான்."

"ஒங்க கண்ணுல பட்டுச்சே. நீங்க கெட்டா போனீக? பத்திரத்துல ஒரு எழுத்தை அடிச்சாலும் பக்கத்துல கையெழுத்துப் போடுறீகளே, இதுல ஏன் போடலை?"

துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். மன்னர் கதையில் தொடுப்பு என்றால் கடிதம் எழுதிக்கொண்டதுதான் என்று சொன்னேன். அப்போதுதான் அவருக்கு முகம் சுண்டியது. அடித்ததற்காக அல்ல, அர்த்தம் தெரியாமல் அடித்ததற்காக. கடைசிப் பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்டேன். "நீ தெரிஞ்சுக்க வேணாம்" என்று எழுந்து போய்விட்டார்.

என் பேரில் தனி அட்டை வாங்கினேன். அதன்பிறகு அவர் கைபட்ட எந்தப் புத்தகத்தையும் நான் தொடவில்லை. நூலகர் எழுதின கடிதம், பதிப்பகம் அந்த விலாசத்தில் இல்லை என்று திரும்பி வந்தது. மதுரையில் தேடினேன். திருச்சியில் பழைய புத்தகக் கடைகளில் குனிந்து குனிந்து தேடினேன். கிடைக்கவில்லை. எனக்குத் தெரிந்து அந்தப் பன்னிரண்டு வரியைப் படித்தவர் உலகத்தில் ஒருவர்தான். அவரோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன்.

ரோஷத்தை முழுங்கிக்கொண்டு மறுபடி கேட்க எனக்கு எட்டு ஒன்பது வருஷம் ஆயிற்று. அதற்குள் அவரும் இளகியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"இப்பவாவது சொல்லுங்க. அவ தண்ணி குடுத்தாளா?"

எந்தக் கதை, எவள் என்று நான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. கண்ணை மூடி யோசித்தார். நடிப்பில்லை, நிஜமாகவே யோசித்தார்.

"மறந்துபோச்சு" என்றார். "குடுத்திருப்பா. பொம்பளை வேற என்ன செய்வா?"

"குடுத்திருந்தா நீங்க அடிச்சிருக்க மாட்டீகளே" என்றேன்.