ஹோலில் நின்ற கட்டில்

மனைவி இறந்த பிறகும் அவருடைய ஆஸ்பத்திரிக் கட்டில் எங்கள் டோர்செட் பார்க் அப்பார்ட்மெண்டின் ஹோலை அடைத்துக்கொண்டு நின்றது. அந்த வெறும் மெத்தையை உரசாமல் குசினிக்குப் போக முடியாது. நான் சமைப்பதை விட்டுவிட்டேன்.

கட்டில் வாடகைக்கு எடுத்தது. கொண்டுபோகச் சொல்லிக் கம்பனிக்குத் தொலைபேசினேன். கணக்கு மனைவியின் பெயரில் இருப்பதால் அவரோடுதான் பேச வேண்டும் என்றாள் ஒரு பெண். இறந்துவிட்டார் என்றேன். அனுதாபம் தெரிவித்துவிட்டு, அவரை ஒரு நிமிடம் லைனுக்கு வரச் சொல்ல முடியுமா என்றாள். அடுத்த முறை வேறொருவர், அதே கேள்வி.

மாலைகளில் துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். இடம் போதாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தவர்கள், எதில் இருக்கிறோம் என்று தெரிந்ததும் எழுந்து சுவரோரம் நின்றார்கள். நிறைய ஆலோசனை சொன்னார்கள். நடவுங்கோ, யோகா செய்யுங்கோ, மகளிட்டைக் கொஞ்ச நாள் போய் நில்லுங்கோ. கட்டிலைக் கழற்ற ஒரு கை தாருங்கள் என்று கேட்டால், "அவங்கள் வந்து எடுப்பாங்கள்" என்றார்கள்.

செத்தவீட்டில் விடைபெறும்போது "போட்டு வாறன்" என்று சொல்லக்கூடாது. சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவதாகிவிடும். அதனால் எல்லோரும் சொல்லாமலே எழுந்து போனார்கள். நான் தேநீரோடு வந்தால் கதிரை காலியாக இருக்கும். வழக்கம் என்று தெரிந்தும் எரிச்சல் வந்தது. ஏனென்றால் ஒருவரும் திரும்பி வரவில்லை.

மேல்மாடியில் இருக்கும் பஸ் ஓட்டுநர் ஒருநாள் யூனிபோர்முடன் வந்தார். என்னைவிடச் சில வயது இளையவர்.

"உதை ஏன் அண்ணை இன்னும் வச்சிருக்கிறியள்? மியூசியமே?"

"கதைக்கிறதை விட்டிட்டு நீர் தூக்குமன்."

கோபத்தில்தான் சொன்னேன். அவர் மேலே போய் ஸ்பானரோடு வந்தார். பக்கக் கம்பிகளைக் கழற்றினோம், மெத்தையைச் சுவரில் சாய்த்தோம். மோட்டர் பூட்டிய சட்டம் மட்டும் மிஞ்சியபோது அவருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, பழக்கத்தில் சொன்னார்:

"சரி அண்ணை, போட்டு வாறன்."

சொன்ன உடனே நாக்கைக் கடித்தார். முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ அண்ணை, பிழையாச் சொல்லிப்போட்டன்."

"சொன்னது சொன்னதுதான். நாளைக்கு வாரும். உந்தச் சட்டத்தை நான் தனியத் தூக்கேலாது."

மறுநாள் வந்தார். எல்லாவற்றையும் கீழே சாமான்கள் போட்டுவைக்கும் லொக்கரில் கொண்டுபோய் வைத்தோம். திரும்பி வந்து சோறும் பருப்பும் சமைத்தேன்.

"பருப்புக்கு உப்புக் காணாது" என்றார்.

உண்மைதான். எழுந்து குசினிக்குப் போய் உப்பை எடுத்து வந்தேன்.